விறகுக்கு ஒரு கெப்

கொட்டாஞ்சேனையில் என் அத்தானுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. பெரிய இடம் என்று சொல்ல முடியாது. ஒரு போறணை, மாவு பிசைய இரண்டு மேசை, காலையும் மாலையும் பாண், நடுவில் மீன் பணிஸ், சனி ஞாயிறில் கொஞ்சம் கேக். 2022இல் ஊரே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது அவருடைய போறணை ஒரு நாளும் அணையவில்லை. அவருடைய அப்பா கட்டிய விறகுப் போறணையை இடிக்காமல் வைத்திருந்ததுதான் காரணம். அதுவரை "இந்தப் பழசை எப்போது மாற்றப் போகிறீர்கள்" என்று கேட்டவர்கள் எல்லாரும் அப்போது பாணுக்கு வந்து நின்றார்கள்.

காஸ் திரும்பி வந்துவிட்டது. விறகுத் தொல்லைதான் தீரவில்லை. விறகு கொண்டுவந்து போடும் லொறிக்காரர் ஒரு வாரம் வருவார், ஒரு வாரம் வரமாட்டார். வருகிற வாரத்திலும் பாதி லோட் தண்ணீர் சொட்டும். இந்த நிலையில் அவிசாவளைக்கு அப்பால் சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், பழைய மரங்களை வெட்டி மறு நடுகை செய்கிறேன், அடிமரம் ஆலைக்குப் போகிறது, கிளை எல்லாம் உங்களுக்குத் தரலாம் என்றார். ஆனால் ஏற்றிப் போவது உங்கள் பாடு.

"ஒரு சின்ன ஃபோர் வீல் கெப் எடுத்தால் முடிந்தது, தம்பி" என்றார் அத்தான். பத்து வருடம் லொறி ஓட்டியவன் என்பதால் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முடிய நான்கு மாதம் ஆயிற்று.

வாகனம் பார்க்கப் போவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். போறணை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ விறகு தின்னும். வாரத்துக்கு ஒரு தொன் என்று வைத்துக்கொள்ளலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து அம்பத்தளை, கடுவெல, ஹங்வெல்ல என்று களனி ஆற்றோரமாக அவிசாவளை போய், அதற்கு மேல் கொஞ்சத் தூரம். போய் வர 120 கிலோமீற்றர். அதில் 119 நல்ல தார் வீதி. கடைசி 600 மீற்றர் மட்டும் தோட்டத்துப் பாதை. செம்மண்ணும் கபுக்கல்லும் கலந்த சரிவு, நடுவில் ஒரு சின்ன நீரோடை. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற பகுதி அது. மே மாதம் தொடங்கினால் அந்தச் சரிவு சவர்க்காரம் போட்டது போல் இருக்கும்.

இப்படி எழுதிப் பார்த்ததும் கேள்வி இரண்டாகப் பிரிந்தது. 119 கிலோமீற்றருக்கு வேண்டியது சுமை தாங்கும் திறன். 600 மீற்றருக்கு வேண்டியது நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல். வாகனம் தேடுகிற பெரும்பாலானவர்கள் இரண்டாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

முதலில் கண்ணில் பட்டது ஜப்பானின் 660 சீசி குட்டி லொறிகள். சுசுகி கெரி, டைஹட்சு ஹைஜெட், ஹொண்டா அக்டி, சுபாரு சம்பர். எல்லாமே ஜப்பானின் கெய் சட்டத்துக்குள் அடங்கியவை: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், சுமை 350 கிலோ. பேக்கரிக்குப் பின்னால் உள்ள சந்து ஆறடி கூட இல்லை. தும்புத்தடிக் கம்பை வைத்து அளந்து பார்த்தோம், குட்டி லொறி இரண்டு பக்கமும் இடம் விட்டுப் போகும். அத்தானுக்கு அப்போதே பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஃபோர் வீல் போட்ட ஒரு கெரியை ஈரப் புல்லில் ஓட்டிப் பார்த்தேன், ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. வெறும் லொறி முக்கால் தொன்னைச் சுற்றித்தான் எடை, பாரம் குறைந்த வாகனம் சேற்றில் அதிகம் புதையாது.

இந்த வகைக்குள்ளேயே பார்க்க வேண்டிய வேறுபாடுகள் உண்டு. 2002 முதல் 2013 வரை வந்த கெரியில் கே6ஏ எஞ்சின், அதற்குப் பிறகு ஆர்06ஏ. இரண்டிலும் எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் செயின், பெல்ட் மாற்றும் செலவு இல்லை. அதோடு எவ்ரி வேனுக்கும் இதே எஞ்சின்கள்தான். அந்த வேன்கள் கொழும்பில் எத்தனை ஓடுகின்றன என்று சொல்லத் தேவையில்லை. எஞ்சின் சாமான் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்து வைப்பார்கள். ஃபோர் வீல் பாகங்கள் வேறு கதை. முன் டிஃப்ரன்ஷல், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கியர் கேட்டால் "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்பார்கள். அந்த இரண்டு நாள் இரண்டு மாதமும் ஆகலாம். அக்டியில் எஞ்சின் நடுவில், தேவைப்படும்போது தானே பிடிக்கும் ஃபோர் வீல். ஓட்ட இலகு, பழுது பார்க்க இலகு இல்லை. சம்பருக்கு எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால், அதுவும் நான்கு சிலிண்டர். ஓட்டுவதற்கு அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சுபாரு தானே செய்த சம்பர் 2012உடன் நின்றுவிட்டது, பிறகு வந்தது ஹைஜெட்டுக்குச் சம்பர் பெயர். பழைய சம்பரை மனதுக்காக வாங்கலாம். தினம் பாண் போட வேண்டிய வீட்டுக்கு அது சரிவராது.

ஜப்பான் விவசாயிகளுக்கென்று செய்த சில ரகங்களில் மெதுவாக, பலமாக இழுக்கும் லோ கியரும், பின் சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் டிஃப்ரன்ஷல் லொக்கும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் தாராளமாகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வெறும் ஃபோர் வீல் ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாமல், கியர் தடிக்குப் பக்கத்தில் என்ன சுவிட்ச் இருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாம் சரி, எடைக்கு வருவோம். குட்டி லொறியின் தட்டு ஏறத்தாழ 1.94 மீற்றர் நீளம், 1.41 அகலம், பக்கப் பலகை 29 சென்ரிமீற்றர் உயரம். பெருக்கினால் முக்கால் கன மீற்றருக்குக் கொஞ்சம் மேல். வெட்டிய ஈரத்தோடு அடுக்கிய ரப்பர் விறகு, இடையில் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்தே, கன மீற்றருக்கு 500 கிலோவைத் தாண்டும். அதாவது பலகை மட்டத்துக்கு அடுக்கினாலே 400 கிலோ. சட்டப்படியான சுமை அங்கேயே தாண்டிவிட்டது. நம் ஆட்கள் பலகை மட்டத்தோடு நிறுத்துவார்களா? நான்கு மூலையிலும் கம்பு நட்டு, தலைக்கு மேல் அடுக்கி, கயிறு போட்டு இறுக்குவார்கள். லொறியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். 12 அங்குல டயரோடு அந்தப் பாரத்தில் களனி ஆற்றோர லோ லெவல் வீதி வளைவுகளில் பிரேக் பிடிப்பதை நான் பார்க்க விரும்பவில்லை, ஓட்டவும் விரும்பவில்லை.

350 கிலோவை மதித்தால் வாரம் ஒரு தொன்னுக்கு மூன்று பயணம். 360 கிலோமீற்றர். சுமையோடும் வெறுமையாகவும் சேர்த்து லீற்றருக்கு 12 என்றால் 30 லீற்றர் பெற்றோல். சின்ன எஞ்சின் சிக்கனம் என்று நினைத்து வாங்கினால், மூன்று தடவை போய் வருவதில் அந்தச் சிக்கனம் கரைந்துவிடுகிறது. எண்ணெய்ச் செலவு மட்டுமில்லை, மூன்று நாள் ஒரு ஆளின் சம்பளம்.

கணக்கில் நான் முதலில் தவறவிட்டது தண்ணீரை. புதிதாக வெட்டிய ரப்பர் மரத்தில், முற்றாகக் காய்ந்த கட்டையின் எடையில் 60 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அதைப் பிளந்து மழை படாமல் இரண்டு மூன்று மாதம் வைத்தால் 20 சதவீதத்துக்கு வரும். எடையில் கால் பங்கு போய்விடும். நாங்கள் 60 கிலோமீற்றர் சுமக்கப்போன ஒவ்வொரு நான்கு கிலோவிலும் ஒரு கிலோ வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்ட போறணைக்குள் இன்னும் விறகு எரிக்க வேண்டும். அதனால் முதல் செலவு வாகனத்துக்கு இல்லை, தோட்டத்தில் நான்கு தூணும் பத்துத் தகரமும் என்று அத்தானிடம் சொன்னேன். தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தார். ரப்பர் கட்டையில் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும், தளபாடம் செய்பவருக்கு அது பெரிய இழப்பு, எரிப்பவருக்குக் கவலை இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, காற்றுப் போக இடம் விட்டு அடுக்கினால் போதும்.

கொட்டகை வந்ததும் வாரத் தேவை ஒரு தொன்னிலிருந்து 750 கிலோ அளவுக்கு இறங்கியது. கணக்கு முழுவதும் மாறிவிட்டது. குட்டி லொறிக்கு இரண்டு பயணம் ஏறத்தாழப் போதும். இன்னொரு வாகனத்துக்கு ஒரே பயணம், அது டிமோ பட்டா.

பட்டா என்று நாம் சொல்லும் டாட்டா ஏஸ் 2005இல் இந்தியாவில் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சீசி டீசல், 750 கிலோ சுமை. எங்கள் காய்ந்த விறகுக் கணக்கும் அதே 750. ஒரு பயணம், லீற்றருக்கு 15 என்று வைத்தாலும் வாரத்துக்கு எட்டு லீற்றர் டீசல். சாமான் எங்கும் கிடைக்கும், திருத்தத் தெரியாத மெக்கானிக் பாஸ் கொழும்பில் இல்லை. சந்துக்குள்ளும் போகும். ஃபோர் வீல் மட்டும் கிடையாது. அந்த 600 மீற்றரை என்ன செய்வது? தோட்டத்துப் பக்கத்து வீட்டில் ஒரு லேண்ட்மாஸ்டர் கை ட்ராக்டர் இருந்தது. கொட்டகையிலிருந்து பெரிய வீதி வரை அது இழுத்து வந்தால், அங்கே பட்டாவில் மாற்றி ஏற்றலாம். தாளில் இதை வெல்ல எதுவும் இல்லை. விலையும் மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவு.

வாங்குவதற்கு முன் இரண்டு சனிக்கிழமை ஒரு பட்டாவை வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். இதை எல்லாருக்கும் சொல்வேன், லட்சக்கணக்கில் கொட்டுவதற்கு முன் சில ஆயிரத்துக்கு ஒத்திகை பாருங்கள். முதல் சனி நன்றாகப் போனது, முதுகு மட்டும் முறிந்தது. 750 கிலோவை லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி, இறக்கி, பட்டாவில் ஏற்றி, பேக்கரியில் மறுபடி இறக்கி. ஒரே விறகை நான்கு தடவை கையால் தூக்குகிறோம். இரண்டாவது சனி மழை. லேண்ட்மாஸ்டர்காரர் வயல் வேலைக்குப் போய்விட்டார், ஃபோனும் எடுக்கவில்லை. வீதியோரக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து வெறும் பட்டாவோடு திரும்பினோம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு அவர் வயல். ஆனால் போறணை மழை பார்த்துப் பசிக்காமல் இருக்காதே.

இதை வைத்துப் பட்டாவை ஒதுக்கிவிடாதீர்கள். வீதியோரத்திலேயே விறகு கிடைக்கும் ஒருவருக்கு, உதாரணமாக ஹொரணை, இங்கிரிய பக்கம் மரக்காலைகளிலிருந்து வெட்டுத்துண்டு எடுக்கிறவருக்கு, ஃபோர் வீல் தேடுவதே வீண் செலவு. பின்னால் சுமை இருக்கும்போது பின் சக்கர இழுவை நாம் நினைப்பதை விட நன்றாகவே பிடிக்கும். வழுக்குவது வெறுமையாக உள்ளே போகும்போதுதான்.

இப்போது பழைய டீசல் சிங்கிள் கெப்களுக்கு வருவோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் நீளமான தட்டு, முக்கால் தொன்னிலிருந்து ஒரு தொன் வரை சுமை, லோ கியரோடு கூடிய ஃபோர் வீல். விறகுக்கென்றே செய்தது போல் இருக்கும். சிக்கல் என்னவென்றால் இலங்கைக்கு வந்த ஃபோர் வீல் கெப்களில் பெரும்பாலானவை டபுள் கெப். டபுள் கெப்புக்கு நம் ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு, அமைச்சர் முதல் கொந்தராத்துக்காரர் வரை அதில் இறங்கினால்தான் இறங்கியது போல். அந்த மரியாதைக்கும் சேர்த்துத்தான் விலை. தட்டோ ஒன்றரை மீற்றர். பின் இருக்கையில் விறகை உட்கார வைக்கவா முடியும்? அதை அத்தோடு விட்டோம்.

சிங்கிள் கெப் தேடினால் மூன்று பெயர் திரும்பத் திரும்ப வரும். முதலாவது டொயோட்டா ஹைலக்ஸ், 1988இலிருந்து வந்த ஐந்தாம் தலைமுறை, 2.4 அல்லது 2.8 டீசல். நல்ல எஞ்சின், டைமிங் பெல்ட் உண்டு, 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். சாமான் தாராளம். குறை ஒன்றுதான், டொயோட்டா என்ற ஆறு ஆங்கில எழுத்துக்கே தனி விலை வைக்கிறார்கள். முப்பது வருடப் பழைய வாகனத்துக்கு அந்த விலையை அத்தானால் மனதார எண்ணிக் கொடுக்க முடியவில்லை.

இரண்டாவது மிட்சுபிஷி எல்200, 2.5 டீசல். ஓட்ட மென்மையானது, விலையும் இறங்கி வரும். இந்த 4டி56 எஞ்சினில் பெல்ட் இரண்டு, டைமிங்குக்கு ஒன்று, அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒன்று. சின்னப் பெல்ட் அறுந்து பெரியதில் சிக்கினால் கதை முடிந்தது. சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்பதும் எல்லா பாஸ்மாரும் சொல்வது. ரேடியேற்றர் சுத்தமாக இருக்கிற, பெல்ட் மாற்றிய தாளைக் காட்டக்கூடிய உரிமையாளர் கிடைத்தால் எடுக்கலாம். அப்படி ஒருவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது நிசான் டி21, 2.7 டீசல். டிடி27 எஞ்சின் சத்தம் போடும், மெதுவாக ஏறும், அவிசாவளை வரை போனால் காதில் ரீங்காரம் இருக்கும். ஆனால் அதில் டைமிங் பெல்ட்டே இல்லை, கியர்தான். வரலாறு தெரியாத ஒரு பழைய வாகனத்தை வாங்குகிறவருக்கு, எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பெல்ட் ஒன்று இல்லாமலிருப்பது பெரிய ஆறுதல். தெருவில் மற்ற இரண்டையும் விட மதிப்புக் குறைவு என்பதால் விலையும் குறைவு. நான் அப்போதே இதற்குத்தான் மனதுக்குள் வாக்குப் போட்டுவிட்டேன். அத்தான் இன்னும் குட்டி லொறியின் பக்கம்.

பழைய வாகன விலை பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. நடுவில் இந்த ஐந்து வருடம் தீவுக்குள் இருந்த வாகனங்களே கை மாறிக்கொண்டிருந்தன. இரும்புக்குப் போக வேண்டியவையும் பெயின்ட் அடித்துக்கொண்டு வீதிக்கு வந்தன. அதனால் இப்போது பெயின்ட் பளபளப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பெயின்ட் போன, டிங்கரிங் பார்க்காத வாகனத்தில் துரு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரு குட்டி லொறியைப் பார்க்க வத்தளைப் பக்கம் போனோம். கதவில் ஃபோர் வீல் என்று பெரிய எழுத்து. விற்பவர் சுவிட்சை அழுத்திக் காட்டினார், டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. நான் கீழே படுத்துப் பார்த்தேன். முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் காற்று. எண்ணெய் மிச்சம் பிடிக்க யாரோ எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். விளக்கு மட்டும் கடமையைச் செய்துகொண்டிருந்தது. விற்பவருக்கே தெரியாது என்று சொன்னார், இருக்கலாம்.

அதனால் ஃபோர் வீலைப் பரிசோதிக்க விளக்கை நம்பாமல் மண்ணுக்குப் போக வேண்டும். சரளைக்கல் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி மெதுவாக நகருங்கள். முன் சக்கரங்கள் இழுப்பது கையில் தெரிய வேண்டும், வாகனம் கொஞ்சம் திணற வேண்டும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் முன் அச்சின் மூட்டுக்கள் தேய்ந்திருக்கின்றன. இதைத் தார் வீதியில் செய்யக் கூடாது. இந்த வகை ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் கட்டிவைத்தது போல் சுற்றும். வளைவில் முன் சக்கரத்துக்குக் கூடுதல் தூரம், அந்த வித்தியாசத்தைச் சறுக்கித் தீர்த்துக்கொள்ள மண் இடம் கொடுக்கும், தார் கொடுக்காது. கடைசியில் டிரான்ஸ்பர் கியர்தான் உடைந்து கொடுக்கும். அதே காரணத்துக்காக நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்று பாருங்கள். பழைய கெப்களில் முன் சக்கரத்தை அச்சோடு இணைக்க, சக்கர நடுவில் கையால் திருப்பும் ஹப் லொக் இருக்கும். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் அது இறுகிப்போயிருக்கும், நீங்களே திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் சசி, அதாவது வாகனத்தின் அடிச்சட்டம். சின்னச் சுத்தியல் ஒன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கெபினுக்குப் பின்னால், பின் ஸ்பிரிங் தகடு சசியில் மாட்டும் இடங்களில் தட்டுங்கள். டிங் என்றால் இரும்பு, டொப் என்றால் துருவும் அதை மூடிய பட்டிப் பூச்சும். ஈர விறகோ மீன் பெட்டியோ ஏற்றிய வாகனத்தில் தட்டுக்கும் சசிக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே தின்றிருக்கும். கரையோரத்தில் ஓடியது என்றால் இரண்டு மடங்கு கவனம். எஞ்சினைக் காலையில், குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார்கள்.

கடதாசி விஷயத்தில் ஒன்றிரண்டு சொல்லி விடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் பூரண உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் வரும்வரை காசு கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயரை எழுதாமல் முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட திறந்த பத்திரத்தோடு விற்பார்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு தடவை விவரம் எடுத்துப் பார்ப்பது நல்லது. எந்த வகை வாகனமாகப் பதிந்திருக்கிறது என்றும் பாருங்கள், லொறி என்றால் தகுதிச் சான்றிதழ் வேண்டும். புகைப் பரிசோதனையில் பழைய டீசல் தேறுமா என்பதை விற்பவர் செலவிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். விறகில் பலாமரம் கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. வழியில் பொலிஸ் மறித்தால் ரப்பர் தோட்டக்காரரின் கடிதம் கையில் இருக்கட்டும்.

கடைசிச் சுற்றில் இரண்டு நின்றன. ராகமையில் ஒரு 2009 கெரி, லோ கியர் இல்லாத ஃபோர் வீல், சுத்தமானது. நீர்கொழும்புப் பக்கம் ஒரு டி21 சிங்கிள் கெப், பெயின்ட் என்று ஒன்று மிச்சமில்லை, எஞ்சின் குளிரில் ஒரே சுற்றில் பிடித்தது, ஹப் லொக் இரண்டும் கையால் திரும்பின. வலது சசியில் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் டொப்.

கெரி வாங்கினால் வாரம் இரண்டு தடவை போக வேண்டும், மழைக்காலத்தில் விறகு முழுதாகக் காயாத வாரங்களில் மூன்று. தோட்டத்துப் பாதையில் பெரிய லொறிகள் போட்ட பள்ளத் தடம் இருக்கிறது. குட்டி லொறியின் இரு பக்கச் சக்கர இடைவெளி அதைவிடக் குறுகியது, ஒரு பக்கம் பள்ளத்தில், ஒரு பக்கம் மேட்டில் சாய்ந்துகொண்டு போக வேண்டும், நடு மேடு வயிற்றில் உரசும். எங்கள் பாஸ் கேட்ட கேள்விதான் அத்தானை மாற்றியது. "முதலாளி, துருவை வெல்டிங்கில் சரியாக்கலாம். 350 கிலோவை எந்த வெல்டிங்கில் 750 ஆக்குறது?"

வெல்டிங் செலவைக் கழித்துப் பேரம் பேசி டி21ஐ எடுத்தோம். வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு அந்தக் கெரியை வாங்கிக்கொண்டார். அவருக்கு வாரம் 300 கிலோ விறகு, கடைக்கு முன்னால் நிறுத்த ஒரு பாய் அளவு இடம், மிச்ச நாளில் மரக்கறி எடுக்க மெனிங் சந்தைக்கும் போகிறது. அவருக்கு அதுதான் சரியான வாகனம்.

சசிக்குத் தகடு வைத்து வெல்டிங் முடிந்து வர மூன்று வாரம். முதல் சனிக்கிழமை நானும் அத்தானும் பேக்கரிப் பையன் ஒருவனும் போனோம். மூன்று பேர் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. முந்திய இரவு மழை. சரிவின் தலைப்பில் இறங்கி ஹப்பைத் திருப்பி, லோ கியர் போட்டு, பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்கினேன். வழுக்கும் இறக்கத்தில் ஃபோர் வீல் பிரேக்குக்கு உதவாது, லோ கியர்தான் உதவும். நீரோடையைத் தாண்டி கொட்டகை. ஒரு தடவை ஏற்றினோம், பலகைக்கு இரண்டு சாண் மேலே. திரும்பி ஏறும்போது ஒரு இடத்தில் பின் சக்கரம் சுற்றியது, முன் சக்கரம் இழுத்துக்கொண்டது. அன்று முழுக்க ஃபோர் வீலில் ஓடியது பத்து நிமிடம்கூட இருக்காது.

பதினொரு மணிக்குக் கொட்டாஞ்சேனை வந்துவிட்டோம். அத்தான் முன்னால் இறங்கிப் போய் "வா வா, இடமிருக்கு" என்று கை காட்டினார். பின் சந்தின் அகலத்தை அளந்த அன்று தும்புத்தடியைச் சுவருக்குச் சுவர் பிடித்து அளந்தோமே தவிர, வாகனத்தின் கண்ணாடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இடது பக்கக் கண்ணாடி பக்கத்து வீட்டு மதிலோடு போய்விட்டது. டி21க்குக் கண்ணாடி தேடித் திங்கட்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும்.